இருபத்திரண்டாம் சொட்டில் நீலம்

தண்ணீரில் கால்சியத்தை ஊற்ற ஊற்ற அது குறைந்துகொண்டே போனால், ஊற்றியதெல்லாம் எங்கே போகிறது?

போன கோடையில் நான்கு வாரம் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி கிடந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கிவிட்டு, கல்லூரியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொண்ணூற்றாறு ஒன்றுக்கும் உதவவில்லை. பதில் தெரிந்த ஒரே ஆள் என் உம்மா. அவர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், யன்பு நகரில், என் அக்காவின் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் இது என் பாபாவின் கதை. அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாபாவின் பெயர் வஜ்தி. மூத்த மகள் ஷதாவின் பெயரை வைத்து எல்லோரும் அவரை அபூ ஷதா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜித்தா மீன் சந்தையில் இருபத்தொன்பது வருடமாக எடை போடுகிறார். விடியலில் படகுகளிலிருந்து மீன் வந்து இறங்கியதும், தராசுக்குப் பக்கத்தில் நின்று எடையை உரக்கச் சொல்வது அவர் வேலை. விற்பவனும் வாங்குபவனும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். பாபா எண்ணைச் சொன்னதும் இருவரும் அடங்கிவிடுவார்கள். இன்னொரு முறை நிறுத்துக் காட்டு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"எனக்கு என்ன தோணுதுங்கிறது வேற, முள்ளு என்ன காட்டுதுங்கிறது வேற. முள்ளு காட்டுறத மட்டும் சொல்லணும்" என்பார்.

சந்தையில் மற்றவர்கள் செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து மீன் புதிதா பழையதா என்று சொல்வார்கள். பாபா அதைச் செய்யமாட்டார். விரலால் அழுத்துவார், மோந்து பார்ப்பார், சொல்லிவிடுவார். "செவுளப் பாக்குறது கத்துக்குட்டிங்க வேலை" என்று கேலியும் செய்வார். அவர் சொன்னது தப்பாகிப் போனதில்லை. அதனால் அதைப் பற்றி நாங்கள் யோசித்ததும் இல்லை. தக்காளி வாங்க மட்டும் உம்மா அவரை அனுப்பமாட்டார். ஒரு முறை அனுப்பியபோது இரண்டு கிலோ பச்சைக் காயை வாங்கி வந்தாராம். எங்கள் வீட்டில் அது பழைய சிரிப்பு.

பாபாவுக்கு ஓர் ஆசை உண்டு. எங்கள் கூடத்துச் சன்னலை ஒட்டி ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. ஆளை நீட்டிப் படுக்க வைக்கலாம், அவ்வளவு நீளம். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது வாங்கியது. எதற்கு இது என்று உம்மா கேட்டதற்கு, "நாள் முழுக்கச் செத்த மீனையே பாக்குறேன். வீட்டுல நாலாவது உயிரோட இருக்கட்டுமே" என்றாராம். மீன்கள் நான்கைந்துதான். மற்றதெல்லாம் பவளம். அதில் நடுவில் இருக்கும் கிளைப் பவளம், கடையிலிருந்து வந்தபோது என் சுண்டுவிரல் நுனி அளவு இருந்தது. பதினொரு வருடத்தில் நாங்கள் சோறு பரிமாறும் தாம்பாளத்தின் அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. சந்தையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு நேராக அதனிடம்தான் போவார். "என் ரெண்டு பொண்ணையும் இப்படி ஒரு நாள் விசாரிச்சதில்ல. மூணாவது மகளுக்கு மட்டும் தினம் மரியாதை" என்பார் உம்மா. அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மூணாவது மகள்.

பவளம் தன் எலும்பைத் தண்ணீரிலுள்ள கால்சியத்தை எடுத்துத்தான் கட்டிக்கொள்கிறது. கடலில் அது தீராது. தொட்டியில் தீரும். அதனால் அளந்து பார்த்து, குறைந்ததை ஊற்ற வேண்டும். குறைவாக ஊற்றினால் வளர்ச்சி நின்றுவிடும். அளவுக்கு மீறினால் சுண்ணாம்பாகத் திரண்டு விழும். ஆகவே அளப்பதுதான் எல்லாம்.

பாபா வெள்ளிக்கிழமைதோறும் அளப்பார். ஜும்மா தொழுகை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால், சன்னலோர மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரிப்பார். கண்ணாடிக் குப்பியைத் தொட்டித் தண்ணீராலேயே மூன்று முறை அலசுவார். குழாய்த் தண்ணீர் படக்கூடாது. கோடு வரைக்கும் தண்ணீரை நிரப்பி, குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துச் சரிபார்ப்பார். பொடியைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். பிறகு மருந்துக் குப்பியைச் சாய்க்காமல், நேர் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குவார். ரோஸ் நிறம் மங்கி, ஊதாவாகி, கடைசியில் சுத்தமான நீலமாகும். எத்தனையாவது சொட்டில் நீலமானதோ அதைப் பதினைந்தால் பெருக்கினால் கால்சியத்தின் அளவு.

சந்தையில் கூவுகிற அதே குரலில்தான் எண்ணுவார். "இருபத்தஞ்சு... இருபத்தாறு..." உம்மா தேநீர்க் கோப்பையோடு வந்து அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இருபத்தெட்டு" என்றதும் உம்மா "போதும்" என்பார். பாபா குப்பியை நிமிர்த்திவிடுவார். நானூற்று இருபது. பதினொரு வருடமாக ஏறக்குறைய இதே எண்தான். ஒரு சொட்டு முன்னே இருக்கும், ஒரு சொட்டு பின்னே இருக்கும்.

அந்த "போதும்" எங்களுக்கு வெறும் பழக்கமாகத் தெரிந்தது. சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்பதற்காகச் சொல்கிறார் என்றுகூட நான் நினைத்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் இன்னும் ஆறு வீடுகளில் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அவர்கள் வியாழக்கிழமை மாலை பெயர் எழுதிய சின்னக் குப்பிகளில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பாபா எல்லாவற்றையும் அளந்து, எண்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அவர்களிடமும் சோதனைப் பெட்டி இருக்கிறது. ஆனாலும், வஜ்தி அளந்தால்தான் அளவு.

ஷதாவுக்குப் பிரசவம் மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. முதல் பிள்ளைக்கு நாற்பது நாள் தாய் கூட இருக்க வேண்டும். அக்காவின் கணவர் வண்டியோடு வாசலில் நிற்க, உம்மா அவசரமாகப் பையைக் கட்டினார். கதவருகில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ஃப்ரிட்ஜுல முலூகியாக் கீரை இருக்கு, நாளைக்குள்ள தீத்துருங்க. அப்புறம், வெள்ளிக்கிழமை பாபா தண்ணி பாக்கும்போது பக்கத்துல போய் நில்லு."

"நான் எதுக்கு?"

"நில்லுன்னா நில்லேன்டி. எல்லாத்துக்கும் ஏன், எதுக்கு."

அக்காவின் கணவர் ஹாரன் அடித்தார். உம்மா போய்விட்டார். பாபா தனியாக இருப்பாரே என்று சொல்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பள்ளி முடிந்த பிறகு எங்கள் வயதுப் பிள்ளைகள் யாரும் மதியத்துக்கு முன்னால் எழுவதில்லை. பாபா என் அறைக் கதவைத் தட்டினார்.

"ரனீம், எழுந்து வாயேன். தண்ணி பாக்கப் போறேன்."

"நான் வந்து என்ன பண்ணப் போறேன் பாபா?"

"சும்மா நில்லு. உங்க உம்மா இல்லாம மேசையே வெறிச்சோடிக் கெடக்கு."

"அடுத்த வாரம் வரேன்."

அடுத்த வாரமும் போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் கூப்பிடவே இல்லை.

முதல் வாரம் இருபத்துநான்கு சொட்டு. முந்நூற்று அறுபது. பாபாவுக்கு ஆச்சரியம். ஆறு வீட்டுக் குப்பிகளிலும் அதே மாதிரி குறைவு. "வெயில் காயுது இல்ல, சூட்டுல பவளம் கூடுதலா குடிக்குது" என்று ஒரு காரணம் கண்டுபிடித்தார். கேட்பதற்கு அது சரியாகத்தான் இருந்தது. குறைந்த அளவுக்குக் கால்சியத்தை ஊற்றினார். மற்றவர்களையும் ஊற்றச் சொன்னார். இரண்டாம் வாரம் இருபத்துமூன்று. இன்னும் ஊற்றினார். மூன்றாம் வாரம் இருபத்திரண்டு.

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்யும் ஃபுவாத், அந்த ஆறு பேரில் ஒருவர். குப்பி வைக்க வந்தவர் வாசலில் நின்றே கேட்டார்:

"அபூ ஷதா, என் தொட்டிக்குள்ள இருக்கிறது பவளமா, ஒட்டகமா? எவ்வளவு ஊத்துனாலும் குடிச்சிட்டு இன்னும் கொண்டாங்குது."

"முள்ளு காட்டுறதச் சொல்றேன் ஃபுவாத். நானா ஒண்ணும் சொல்லல."

"நீங்க சொன்னா சரிதான். கடையில இருந்த கால்சியம் டப்பா எல்லாத்தையும் நான்தான் வாங்கிருக்கேன். இன்னும் ஒரு வாரம் போனா கடைக்காரன் எனக்குப் பொண்ணு குடுத்துருவான்."

அன்று நான் பாபாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஊற்றுவது எங்கே போகிறது?

"அதான் எனக்கும் புரியல." சொன்னபோது அவர் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூணாவது மகளின் கிளை நுனிகள் வெளுத்திருந்தன. பம்ப் கரகரவென்று ஒரு புதுச் சத்தம் போட்டது. மருந்து பழையதாகியிருக்கும் என்று புதுச் சோதனைப் பெட்டி வாங்கினார். அதிலும் இருபத்திரண்டு. உப்பின் அளவைச் சோதித்தார். அது சரியாக இருந்தது. தண்ணீரின் காரத்தைச் சோதிக்கும் மருந்து நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும். அதைத் தெளிவாகப் பார்த்தார். அது குறைந்திருந்ததால் சோடா உப்பும் கரைத்து ஊற்றினார். பெட்டியைச் சந்தேகப்பட்டார், வெயிலைச் சந்தேகப்பட்டார், தண்ணீரைச் சந்தேகப்பட்டார். ஒன்றை மட்டும் அவரும் சந்தேகப்படவில்லை, நாங்களும் சந்தேகப்படவில்லை.

நான்காம் வெள்ளிக்கிழமை என்னை யாரும் எழுப்பவில்லை. பம்ப் சத்தம் நின்றதால் விழித்தேன். அத்தனை வருடம் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் இல்லாமல் போனால் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது.

கூடத்துக்கு வந்தேன். தொட்டியைக் காணோம். அப்படித்தான் தோன்றியது. தொட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. நோன்பு மாதத்தில் குடிக்கும் பால்நிற ஸோபியாவை நிரப்பி வைத்ததுபோல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. மீனும் தெரியவில்லை, பவளமும் தெரியவில்லை. பாபா தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு நின்றிருந்தார். ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளை அங்கி நெஞ்சு வரை நனைந்திருந்தது.

"பாபா, என்ன ஆச்சு?"

"காலையில கால்சியம் ஊத்தினேன். தொழுதுட்டு வந்து சோடா உப்பு ஊத்தினேன். ஊத்தி முடிக்கல, அதுக்குள்ள தண்ணியெல்லாம் வெளுத்துடுச்சு." கையை வெளியே எடுத்தார். முடியெல்லாம் மாவு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது.

பிறகு துடைத்துவிட்டு மேசைக்குப் போய் வெள்ளைத் தாளை விரித்தார். அளக்கப் போகிறார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தண்ணீரை வடிதாளில் வடிகட்டிக் குப்பியில் எடுத்தார். முதல் முறையாக நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த நேரத்தில் என் போனில் உம்மா வீடியோவில் வந்தார், குழந்தையைக் காட்ட.

"இங்க பாரு, கொட்டாவி விடுறான். ரனீம், பின்னால என்னது வெள்ளையா? தொட்டியா அது?"

நான் ஏதோ சொன்னேன். உம்மாவின் முகம் மாறியது. குழந்தையை அக்காவிடம் கொடுத்தார். "பாபா பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன். பாபா எண்ணிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் சந்தைக் குரல் அல்ல.

"இருபது... இருபத்தொண்ணு... இருபத்திரண்டு. நீலம்." குப்பியை நிமிர்த்தினார்.

"எது நீலம்?" என்றார் உம்மா.

"இதோ."

"அபூ ஷதா, அது ரோஜாப்பூ மாதிரி இருக்கு."

"உன் போன்ல சரியாத் தெரியல."

"ரனீம், நீ பாரு."

நான் குனிந்து பார்த்தேன். ரோஸ். கல்யாண வீட்டுச் சர்பத் மாதிரி, யாராலும் வேறு பெயர் சொல்ல முடியாத ரோஸ் நிறம். பாபா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கக்கூட வாயைத் திறந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"பாபா, இது ரோஸ்."

அவர் குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தார். "நீலம்" என்றார் மறுபடியும். வாதம் செய்கிற குரல் இல்லை அது. நான்கு கிலோ முந்நூறு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

போனில் உம்மா மெதுவாக, "ரனீம், அந்த மருந்த நீ வாங்கு. இருபத்திரண்டுல இருந்து எண்ணு. நேராப் பிடிச்சு விடு" என்றார்.

வாங்கினேன். இருபத்துமூன்று. ரோஸ். இருபத்தெட்டு. ரோஸ். முப்பத்திரண்டு. ஒரு சொட்டு வெளியே விழுந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பத்தாறில் ஊதா கலந்தது. முப்பத்தெட்டில் ரோஸ் ஓரத்தில் மட்டும் இருந்தது. முப்பத்தொன்பதில் நீலமானது. எங்கள் கடலின் நீலம்.

"போதும்" என்றார் உம்மா.

பாபா நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல் அவருக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டதுபோல இருந்தது.

"எத்தன?" என்று என்னிடம் கேட்டார்.

"முப்பத்தொன்பது."

"ஐந்நூத்தி எண்பத்தஞ்சு." பெருக்கும்போது அவர் தடுமாறவில்லை. பிறகு குப்பியை வாங்கிப் பார்த்தார். "முன்னால இருந்ததுக்கும் இதுக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்சம் கருத்திருக்கு. அவ்வளவுதான்." போனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆன ரெண்டாவது மாசத்துலேருந்து. திரைச்சீலைக்கு மாதுளம்பழச் சிவப்புல துணி வாங்கிட்டு வாங்கன்னேன். பாசிப் பச்சையில வாங்கிட்டு வந்து, நல்ல சிவப்பாப் பாத்து எடுத்தேன்னு பிரிச்சுக் காட்டினீங்க. அவ்வளவு சந்தோஷமா நின்னீங்க. நான் அப்படியே தைச்சு மாட்டிட்டேன்."

அந்தத் திரை அவர்கள் அறையில் இன்னும் தொங்குகிறது. பாபா அதைச் "சிவப்புத் திரை" என்பார். பச்சைத் திரையை அப்படிச் சொல்வது அவர்கள் இருவருக்குள் ஏதோ விளையாட்டு என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லல இப்திஸாம்?" பாபா உம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"சொல்லி என்ன ஆகப் போகுது? சந்தையில ஒருத்தன் சிரிச்சா உங்களால தாங்க முடியுமா? நான்தான் பக்கத்துல இருக்கேனே, பாத்துச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். இவளுக்குப் புள்ள இவ்வளவு சீக்கிரம் வரும்னு யாருக்குத் தெரியும்? அதான் ரனீமை நிக்கச் சொல்லிட்டு வந்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. பாபாவும் என்னைப் பார்க்கவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை. பத்து நிமிடம் நின்றிருந்தால் போதும். முதல் வாரமே "என்ன பாபா, ரோஸா இருக்கே" என்றிருப்பேன். வேதியியலில் தொண்ணூற்றாறு தேவையில்லை. கண் திறந்திருந்தால் போதும்.

பாபா எழுந்தார். தொட்டிக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் தன் போனைத் தேடினார்.

"ஆறு வீட்டுலயும் இன்னைக்கு ஊத்துவாங்க. நிறுத்தணும்."

"பெட்டி கெட்டுப்போச்சுன்னு போட்டுருங்க பாபா. மருந்து சரியில்லன்னு." நான்தான் சொன்னேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன்.

"முள்ளு சரியாத்தான் காட்டுச்சு" என்றார். "படிச்சவன் கண்ணுதான் தப்பு."

குழுவில் அவர் பேசி அனுப்பியது இப்போதும் என்னிடம் இருக்கிறது. "சகோதரர்களே, யாரும் கால்சியம் ஊத்தாதீங்க. ஒரு மாசமா நான் சொன்ன எண் அத்தனையும் தப்பு. என் கண்ணுக்கு ரோஸும் நீலமும் ஒண்ணாத் தெரியுது. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். இத்தன வருஷம் பாத்துச் சொன்னது ஷதாவோட உம்மா. என்னால உங்க தொட்டி கெட்டிருந்தா மன்னிச்சுருங்க." சொல்லி முடித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். இருபத்தொன்பது வருடம் எவரும் மறு எடை கேட்காத மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து, பதில் வருகிற ஒவ்வொரு முறையும் போன் அதிர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம். ஃபுவாத். பின்னால் அப்ஹூர் கடற்கரையிலிருந்து அள்ளிய கடல்நீர் மூன்று பீப்பாய். தன் தொட்டிக்கு வைத்திருந்தாராம். வெளி ஆள் வருவதால் நான் உள்ளறைக்குப் போய்விட்டேன். ஆனால் கூடத்தில் பேசுவது கேட்டது.

"அபூ ஷதா, என் வண்டி என்ன நிறம்?"

பதிலுக்கு ஃபுவாத் காத்திருக்கவில்லை.

"தெரியாதில்ல? போன வருஷம் புது வண்டி வாங்கினப்ப, அத வெள்ளைன்னு நம்பித்தான் எனக்கு வாழ்த்துச் சொன்னீங்களா? அது வெள்ளைதான், பயப்படாதீங்க. கையக் குடுங்க, பீப்பாய இறக்குவோம்."

"உன் தொட்டிக்கு வேணாமா?"

"என் ஒட்டகம் ரெண்டு நாள் தாங்கும். முதல்ல உங்க மகளப் பாருங்க."

பாபா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, புதுக் கடல்நீரை மூன்று நாளாக மாற்றினார்கள். பம்ப்பைப் பிரித்தபோது உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதுபோல. வினிகரில் ஊறப்போட்டுச் சுரண்டினார்கள். ஊற்றியது எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. பாதி தண்ணீரிலேயே இருந்தது, பாபாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. மீதி அந்தச் சுண்ணாம்பு.

தண்ணீர் தெளிந்தபோது மீன்கள் எல்லாம் இருந்தன. மூணாவது மகளில் முக்கால் பங்கு எலும்பாக வெளுத்துவிட்டது. உயிருள்ள ஓரத்தைப் பாபா வெட்டி எடுத்துக் கல்லில் ஒட்டினார். என் உள்ளங்கை அளவு. மற்ற வீடுகளில் இரண்டில் சேதம். அவர்களில் ஒருவர் இன்றைக்கும் எங்கள் வாசலில் குப்பி வைப்பதில்லை. அதில் தப்பில்லை.

அடுத்த வாரம் கண் மருத்துவமனைக்குப் போனோம். வண்ணப் புள்ளிகளால் எண் எழுதிய அட்டைகளை டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் அட்டையைப் பாபா சந்தைக் குரலில் படித்தார். "பன்னிரண்டு." இரண்டாவது அட்டையில் நான் எண்ணைப் பார்த்தேன். பாபா அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது, நான்காவது, ஒன்பதாவது. பக்கம் திரும்புகிற சத்தம் மட்டும். பிறவியிலேயே இப்படி, சிவப்பை உணரும் பகுதி இல்லை, ஆண்களில் இது அபூர்வம் இல்லை, மருந்தும் இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் பாபா கேட்டது ஒன்றுதான்: "அப்ப மாதுளம்பழம் நிஜமாவே அவ்வளவு அழகா ரனீம்?" நான் ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சந்தையில் அவரே போய்ச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கேலி நடந்ததாம். ஒருவன் ஒரு மீனைத் தூக்கிக் காட்டி, "வஜ்தி, இது என்ன நிறம்?" என்று கேட்க, பாபா அதைத் தராசில் வைத்து, "நாலு கிலோ முந்நூறு" என்றாராம். அதோடு அடங்கிவிட்டார்கள்.

உம்மா நாற்பது முடிந்து வந்தார். இப்போது வெள்ளிக்கிழமை நான் பதினொரு மணிக்கே எழுகிறேன். பாபா சொட்டு விட்டு எண்ணுவார். உம்மாவும் நானும் பேசாமல் பார்த்து, நீலமான எண்ணைத் தனித்தனித் தாளில் எழுதுவோம். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது எண். வேறாக இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. போன வாரம் இருவர் தாளிலும் இருபத்தெட்டு. பாபா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து மூணாவது மகளிடம் போனார். அதன் நுனியில் புதிதாக ஒரு முளை வந்திருக்கிறது. என்ன நிறம் என்று கேட்டார். இளஞ்சிவப்பு என்று உம்மா சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது நிறத்தைப் பார்த்து எதையாவது அளக்கிறவராக இருப்பார். தொட்டித் தண்ணீரோ, நீச்சல் குளத்துத் தண்ணீரோ, சர்க்கரை பார்க்கும் பட்டையோ, எதுவானாலும். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை அளக்கும்போது பக்கத்தில் இன்னொருவரை நிற்க வைக்கச் சொல்லுங்கள். நிற்கச் சொன்னால் தூங்கப் போகிற பிள்ளை யாராவது அந்த வீட்டில் இருந்தால், அவளிடமும் கட்டாயம் சொல்லுங்கள்.